ஆடித் தள்ளுபடியில் வாங்கிய மார்சேய்

காசிமேட்டில் விசைப்படகு இன்ஜினுக்கு உதிரிபாகம் விற்கிறவன் நான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் மற்றவர்களுக்குத்தான் ஓய்வு, எனக்கு அதுதான் தீபாவளி. படகுகளை வரிசையாகக் கட்டிப்போட்டு இன்ஜினைப் பிரித்துவிடுவார்கள். நாசில், பேரிங், கேஸ்கெட், பம்பு என்று விடிந்ததிலிருந்து ராத்திரி வரை ஆள் வந்தபடி இருக்கும். ஊரே மே மாதம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊட்டிக்குப் போகும்போது நான் கல்லாவை விட்டு எழுந்ததில்லை. ஆடி பிறந்தால்தான் எனக்கு மூச்சு.

அந்த ஆடியில்தான் மாட்டிக்கொண்டேன். மண்ணடிப் பக்கம் ஒரு டிராவல்ஸ், பெயர் வேண்டாம், ‘தென் பிரான்ஸ் - இத்தாலி 9 நாள், ஆடித் தள்ளுபடி’ என்று வாசலில் போர்டு வைத்திருந்தார்கள். புடவைக்கு ஆடித் தள்ளுபடி தெரியும், குக்கருக்குத் தெரியும், கடல் தாண்டிய ஊருக்கும் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆளுக்கு இரண்டு லட்சத்துச் சொச்சம். வீட்டுக்காரம்மாவுக்குப் பிறந்த வீடு ராயபுரம். மார்சேய் என்கிற துறைமுக ஊரில் மலை உச்சியில் மாலுமிகளின் மாதா கோயில் என்று நோட்டீஸில் படம் பார்த்ததுமே அவள் பெட்டியை இறக்கித் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

மார்சேயில் 3 ராத்திரி. அந்த மூன்று ராத்திரியையும், மறு வருடம் நாங்களாகவே ஏற்பாடு செய்து திரும்பிப் போன பத்து நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். இத்தாலியை விட்டுவிடுகிறேன். அங்கே பெரும்பாலும் பஸ்ஸில் தூங்கினேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுவது நியாயம். விசா வேலையில் அந்த டிராவல்ஸ்காரர்களைக் குறை சொல்ல வழியே இல்லை. வங்கிக் கணக்கு, கடை லைசென்ஸ், வருமான வரி, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு என்று ஒவ்வொன்றையும் கேட்டு வாங்கி அடுக்கிக் கொடுத்தார்கள். கூட வந்த வழிகாட்டிப் பையன் தங்கமானவன், பெரியவர்களின் பெட்டியைத் தானே தூக்குவான். ராத்திரியில் எங்கிருந்தோ சோறும் ரசமும் வந்துவிடும். இதற்கெல்லாம் ஐந்துக்கு நாலு மார்க் தாராளமாகப் போடலாம்.

ஆனால் ஒரு பேக்கேஜில் முதலில் பார்க்க வேண்டியது ஓட்டலும் இல்லை, ரசமும் இல்லை. தேதி. அதில் பூஜ்யம்.

நோட்டீஸில் மார்சேய்க்கு மூன்று காட்சிகள் போட்டிருந்தார்கள். கலாங்க் மலையில் நடை, இஃப் தீவின் பழைய சிறைக்கோட்டைக்குப் படகு, பழைய துறைமுகத்தில் மீன் சந்தை. நாங்கள் போய் இறங்கியது ஆகஸ்ட் 13.

முதல் நாள் 33 டிகிரி. வழிகாட்டிப் பையன் ‘வெயில் ஜாஸ்தி, எல்லாரும் ஜாக்கிரதை’ என்றதும் பஸ்ஸே சிரித்தது. 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி அடித்த ஊர்க்காரர்களிடம் போய் 33-க்குப் பயம் காட்டுகிறானே என்று. மத்தியானத்துக்குள் சிரிப்பு நின்றுவிட்டது. நம் ஊர் வெயில் வியர்க்க வைக்கும், சட்டை நனையும், கடற்காற்று வந்தால் அந்த ஈரத்திலேயே கொஞ்சம் ஆறும். அங்கே வெயில் காய வைக்கிறது. வியர்வை வருவதே தெரியவில்லை, வந்ததும் உறிஞ்சிவிடுகிறது. அதனால் தண்ணீர் குடிக்கத் தோன்றுவதில்லை. இரண்டு மணிக்கு எங்கள் குழுவில் ஒரு அம்மா தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். தரையெல்லாம் வெளிர் கல், சுவரெல்லாம் வெளிர் கல், கண்ணைத் திறக்க முடியாத கூச்சம். பொழுதும் சாய்வதில்லை. நம் ஊரில் ஆறரைக்கு இருட்டினால் உடம்புக்கு ஒரு விடுதலை உண்டு. அங்கே ஆகஸ்ட் நடுவில் சூரியன் எட்டரைக்கு மேல்தான் இறங்குகிறது, ஜூன் கடைசியில் ஒன்பது மணியையும் தாண்டுமாம். ஏழு மணிக்கும் முகத்தில் நேராக அடிக்கிற வெயிலை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஓட்டல் ஜன்னல்களுக்கெல்லாம் வெளியே மரச் சட்டங்கள் இருந்தன. பகலில் அவற்றைச் சாத்தி வையுங்கள் என்று துப்புரவு செய்ய வந்த பெண் சைகை காட்டினாள். எங்கள் குழுவில் பாதிப் பேர் காற்று வரட்டும் என்று திறந்துவிட்டார்கள். நம் ஊர்ப் பழக்கம். நான் அவள் சொன்னபடி சாத்தினேன். அம்மா காலத்தில் மத்தியானம் மூங்கில் தட்டியை இறக்கித் தண்ணீர் தெளிப்பது ஞாபகம் வந்தது. சாயங்காலம் எங்கள் அறை மட்டும்தான் இருக்கும்படி இருந்தது. ஏசி என்று ஒன்று இருந்தது, அது சத்தம் போடுவதோடு சரி.

இரண்டாம் நாள் காலை எழுந்ததும் வானத்தைப் பார்த்தேன். ஒரு பொட்டு மேகம் இல்லை. தூரத்துத் தீவின் பாறை வெடிப்புகூடத் தெரிகிற மாதிரி அப்படி ஒரு தெளிவு. ‘ஆஹா, இன்னிக்குப் படகுக்கு நல்ல நாள்’ என்றான் பையன். எனக்கு மட்டும் உள்ளே என்னவோ இடித்தது. துறைமுகத்தில் கட்டியிருந்த பாய்மரப் படகுகளின் கம்பிகளெல்லாம் ஒரே நேரத்தில் விசிலடித்தன. நம் பக்கத்தில் கடலுக்குப் போகக்கூடாது என்று தெரிந்துகொள்ள அந்தச் சத்தமே போதும்.

அதுதான் மிஸ்த்ரால். வடக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக இறங்குகிற காற்று. ஒரு பக்கம் ஆல்ப்ஸ், இன்னொரு பக்கம் பிரான்ஸின் நடு மேட்டு நிலம், இரண்டுக்கும் நடுவில் குழாயில் அடைத்து அனுப்பிய மாதிரி வேகமெடுத்துக் கடலில் வந்து விழுகிறது. பலமாக வீசினால் மணிக்கு 100 கிலோமீட்டரையும் தாண்டும். குளிர்காலத்திலும் வசந்தத்திலும்தான் அதிகம் என்றாலும் கோடையில் வராது என்று எந்தக் கணக்கும் இல்லை. 3 நாள், இல்லாவிட்டால் 6, இல்லாவிட்டால் 9 நாள் அடிக்கும் என்று அந்த ஊரில் ஒரு சொலவடை உண்டு. மேகத்தையெல்லாம் துடைத்துவிடுவதால் வானம் கண்ணாடியாக இருக்கும். நமக்குப் புயல் என்றால் கருத்த வானம். அங்கே நீல வானத்தின் கீழே கடல் பொங்குகிறது. ஏமாந்து போவது இயற்கை.

இஃப் தீவுப் படகு ரத்து. அந்தத் தீவில் படகு அணைகிற இடம் சின்னது, அலை அடித்தால் ஒட்ட முடியாது. சரி, மலைக்காவது போகலாம் என்றால் கலாங்க் மலையும் மூடல். கலாங்க் என்பது வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை மலை நேராகக் கடலில் இறங்கி, இடுக்குகளில் பச்சையும் நீலமுமாகத் தண்ணீர் நிற்கிற இடம். 2012-ல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். கோடை முழுக்க மழை இல்லாமல் பைன் மரமும் புதரும் சருகாகக் கிடக்கும். அதனால் ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை தீ அபாயத்தைப் பொறுத்து, நாளைக்கு மலை திறக்குமா மூடுமா என்று முந்தின நாள் சாயங்காலமே அறிவித்துவிடுகிறார்கள். சிவப்பு என்றால் யாரும் உள்ளே போக முடியாது. காற்று பலமாக அடிக்கிற நாள் சிவப்பு. படகை நிறுத்தின அதே காற்றுதான் மலையையும் பூட்டியது. எனக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு 2025 ஜூலை 8 அன்று காட்டுத்தீ மார்சேயின் வடக்குப் பகுதி வரை வந்து, விமான நிலையத்தையே மூடினார்கள் என்று செய்தி பார்த்தபோது, அன்றைக்கு முறைத்ததற்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

மீன் சந்தை மட்டும் மிச்சம். போனோம். பழைய துறைமுகத்தின் கரையில், கண்ணாடி மாதிரி பளபளக்கிற பெரிய கூரைக்குப் பக்கத்தில், நீல நிறத் தொட்டிகளோடு இரண்டே இரண்டு மேசை. மற்ற நாளில் பத்துப் பன்னிரண்டு இருக்குமாம். காற்றில் சின்னப் படகுகள் போகவில்லை, மீன் எங்கிருந்து வரும்? விடிகாலை மூன்று மணிக்குக் காசிமேட்டு ஏலத்தில் கால் வைக்க இடமில்லாமல் நிற்கிறவனுக்கு அந்த இரண்டு மேசையைக் காட்ட இரண்டு லட்சமா என்று தோன்றியது.

வெறுப்பில் சாயங்காலம் கட்டலான் கடற்கரைக்கு நடந்தே போய்க் கடலில் காலை வைத்தேன். ஐஸ்! ஆகஸ்ட் மாதம், வெயில் 30 டிகிரி, தண்ணீர் மட்டும் ஃப்ரிட்ஜில் வைத்தது. கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிற காற்று மேல் தண்ணீரை வெளியே தள்ளிவிடும், அடியில் இருக்கிற குளிர்ந்த தண்ணீர் மேலே ஏறும். இது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. நம் கடலிலும் ஆனி ஆடியில் கச்சான், அதாவது மேல்காற்று, பலமாக அடித்தால் கரைத் தண்ணீர் சில்லென்று ஆகும், கடலுக்குப் போய் வருகிற எல்லாரும் சொல்வார்கள். தெரிந்த விஷயத்தைக் காசு கொடுத்துக் காலில் வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 15. நமக்குச் சுதந்திர தினம், அங்கே மாதா விண்ணேற்புத் திருநாள், அரசு விடுமுறை. கடைகள் பெரும்பாலும் சாத்தியிருந்தன. 60-ம் நம்பர் பஸ் பழைய துறைமுகத்திலிருந்து மலைக் கோயிலுக்குப் போகும். அன்றைக்கு அதில் ஏறுவது திருவொற்றியூர் தேருக்குப் போகிற மாதிரி. மேலே போய் நின்றால் காற்று ஆளைத் தள்ளுகிறது. கோபுரத்து உச்சியில் தங்க ரேக் ஒட்டிய மாதா, கையில் குழந்தை. 11 மீட்டர் உயரமாம். உள்ளே நுழைந்ததும் வீட்டுக்காரம்மா அப்படியே நின்றுவிட்டாள். கூரையிலிருந்து சின்னச் சின்னக் கப்பல்கள் தொங்குகின்றன. பாய்மரக் கப்பல், நீராவிக் கப்பல், மீன்பிடிப் படகு. புயலில் தப்பித்தவர்கள் நேர்ந்துகொண்டு வைத்தவை. இராயப்பர், அதாவது புனித பேதுரு பெயரில் ஊரே இருக்கிற இடத்தில் பிறந்தவளுக்கு அது என்னவென்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் உட்கார்ந்து செபமாலையை எடுத்து முணுமுணுக்க ஆரம்பித்தாள். ‘அருள் நிறைந்த மரியே வாழ்க’ என்று அவள் பாதி சொல்லி நிறுத்தினதும், பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் குரல் மீதியைத் தமிழிலேயே சொன்னது.

புதுச்சேரிக்காரர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், மார்சேயில் நாற்பது வருடமாக இருக்கிறாராம். எந்த ஊர் என்று கேட்டார். நான் என்ன தொழில் செய்கிறேன் என்றும் கேட்டார். சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“காசிமேட்டுக்காரர்ங்கறீங்க, காத்து பாக்காம எப்படி வந்தீங்க?”

டிராவல்ஸ், தள்ளுபடி என்று இழுத்தேன்.

“ஆகஸ்ட்ல இந்த ஊர்க்காரங்களே வீட்டப் பூட்டிக்கிட்டு மலப் பக்கம் போயிடுவாங்க. பாரிஸ்காரங்கல்லாம் இங்க வந்துடுவாங்க. ரூம் வாடகை வருஷத்துலயே இப்பதான் உச்சம். எதுல தள்ளுபடி குடுத்தானாம் உங்களுக்கு?”

அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை. கோயில் சுவர் ஓரமாகக் காற்று படாத இடத்தில் உட்கார்ந்து, அரை மணி நேரத்தில் அந்த ஊரின் பஞ்சாங்கத்தையே சொல்லிவிட்டார். வடக்கிலிருந்து வந்தால் மிஸ்த்ரால், வானம் தெளிவு, கடல் கெடுதல். தெற்கே சகாராவிலிருந்து வந்தால் புழுக்கம், சில சமயம் காரின் மேலெல்லாம் செம்மண் தூசி. கிழக்கிலிருந்து வந்தால் மழை. இதைக் கேட்டதும் எனக்கு ஒரு சந்தோஷம். நம் கடற்கரையிலும் கிழக்குக் காற்றுக்குக் கொண்டல் என்று பெயர், அந்தச் சொல்லுக்கே மழை மேகம் என்றும் பொருள். இத்தனை ஆயிரம் மைல் தள்ளி இருக்கிற துறைமுகத்திலும் கிழக்கே பார்த்துத்தான் குடையை எடுக்கிறார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் டிராவல்ஸ் ஆபீஸில் கேட்டேன். “சார், வெதர் நம்ம கையிலயா இருக்கு?” என்றார்கள். வெதர் யார் கையிலும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோடையில் மழை பெய்யாது, சருகு எரியும், ஆகஸ்டில் கூட்டம் குவியும் என்பதெல்லாம் நேற்று வந்த விஷயமா? கிமு 600 வாக்கில் கிரேக்கர்கள் வந்து இறங்கி உருவாக்கிய ஊர் அது. அன்றிலிருந்து காற்று இதே வழியாகத்தான் வருகிறது.

பருவம் பார்க்காமல் ஆளை அனுப்புவது புதுசும் இல்லை. 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் நம் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் மேல் குண்டு போட்டது, ஹைகோர்ட் மதிலில் இன்றும் கல்வெட்டு இருக்கிறது. அதே மாதக் கடைசியில்தான் இந்தியச் சிப்பாய்கள் கப்பல் கப்பலாக மார்சேயில் போய் இறங்கினார்கள். உடம்பில் வெயில் தேசத்துக் காக்கித் துணி. அதோடு வடக்கே போர்முனைக்கு ரயில், அடுத்து குளிர்காலம். மார்சேய் ரயில் நிலையத்தின் 104 படிகளில் உட்கார்ந்திருந்தபோது அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நமக்காவது ஒரு படகுதான் ரத்தாயிற்று.

மறு வருடம் கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு செப்டம்பர் 14 போய் 24 திரும்பினோம். ஐப்பசி மழைக்கு முன்னால் படகுக்காரர்களுக்கு என் கடையில் பெரிதாக வேலை இருக்காது. விசாவுக்கு ஆளுக்கு 90 யூரோ கட்டினோம், போன முறை பார்த்துப் பழகின காகிதங்களை நாங்களே அடுக்கினோம். புதுச்சேரிக்காரர் பார்த்துக் கொடுத்த வாடகை அறை, போன தடவை ஓட்டல் இருந்த அதே தெருப் பக்கம்.

வித்தியாசத்தை எப்படிச் சொல்வது? பிரான்ஸில் பள்ளிக்கூடம் செப்டம்பர் முதல் வாரத்தில் திறந்துவிடுகிறது. குடும்பங்கள் எல்லாம் ஊருக்குத் திரும்பிவிட்டன. பஸ்ஸில் உட்கார இடம். பகலில் 25, 26 டிகிரி, ராத்திரி ஒரு மெல்லிய போர்வை. முக்கியமாக, கடல். தரை ஆற ஆரம்பித்தாலும் கடல் சீக்கிரம் ஆறாது. கோடை முழுக்கச் சேர்த்து வைத்த சூடு செப்டம்பரிலும் இருக்கும். கடற்கரைப் பலகையில் 22 என்று எழுதியிருந்தது. நம் கடலின் 28-க்குப் பழகியவனுக்கு அதுவும் முதலில் சுருக்கென்றுதான் இருந்தது, இரண்டு நிமிடத்தில் பழகிவிட்டது. வீட்டுக்காரம்மா முட்டி வரை இறங்கினாள், மெரினாவில்கூட இறங்காதவள்.

எனக்கு அதைவிட ஆச்சரியம் கயிறு. துறைமுகத்தில் ஒரு சின்னப் படகைக் கட்டியிருந்த கயிற்றைக் காலையில் பார்த்தேன், மத்தியானம் பார்த்தேன், சாயங்காலமும் பார்த்தேன். ஒரே தொய்வு. மத்தியதரைக் கடலில் ஏற்ற இறக்கம் கிட்டத்தட்டக் கிடையாது. நம் பக்கம் சுமார் ஒரு மீட்டர் ஏறி இறங்கும், கயிறு விட்டுக் கட்டாவிட்டால் படகு தொங்கும். அங்கே பாலத்துக் கல்லில் பாசி ஒரே கோடாக, அளவுகோல் வைத்து வரைந்த மாதிரி. பத்து நாளில் தினமும் போய் அதைப் பார்த்தேன். வீட்டுக்காரம்மா கேலி செய்தாள்.

கலாங்குக்கு முந்தின நாள் சாயங்காலமே அறிவிப்பைப் பார்த்துவிட்டு, ஏழு மணிக்கெல்லாம் கிளம்பிப் போனோம். பாறை வழி, செருப்பு போதாது, பிடிப்புள்ள ஷூ வேண்டும். சூஜிதோன் என்ற இடுக்குக்குக் கோடை உச்சத்தில் முன்பதிவு செய்தால்தான் விடுவார்கள், ஒரு நாளைக்கு 400 பேர்தான், காசு கிடையாது. பேக்கேஜ் விற்றவர்கள் இதையும் சொல்லவில்லை என்பதை இங்கே குறித்துவைக்கிறேன். இஃப் தீவுக்கும் இந்தத் தடவை போனோம். கோட்டை பரவாயில்லை ரகம். அங்கிருந்து திரும்பி ஊரைப் பார்க்கிற காட்சிதான் டிக்கெட் காசு.

மீன் சந்தையில் இந்த முறை மேசைகள் நிறைந்திருந்தன. ஒரு பாட்டி தொட்டியில் கையை விட்டுச் சிவப்பாக, மீசை வைத்த மீனை எடுத்துக் காட்டினாள். ‘நவரைங்க!’ என்றாள் வீட்டுக்காரம்மா. அதே குடும்பத்து மீன்தான். வால் இன்னும் துடித்தது. விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்ததும் பேரம் பேசுகிற ஆசைகூட எங்களுக்குப் போய்விட்டது. எங்கள் அறையில் அடுப்பு இருந்ததால் நாலு மீன் வாங்கி, ஊரிலிருந்து கொண்டுபோன மிளகாய்த்தூள் தடவிப் பொரித்தோம். கதவைத் தட்டிப் புகார் சொல்ல யாரும் வரவில்லை. புதுச்சேரிக்காரர் மட்டும் வந்து இரண்டு மீன் சாப்பிட்டார்.

அந்த ஊரின் பேர்போன மீன் சூப், பூயாபேஸ், அதையும் ஒரு நாள் சாப்பிட்டோம். நல்ல இடங்களில் முன்கூட்டியே சொல்லிவைக்கச் சொல்கிறார்கள், ஏனென்றால் அன்றைக்கு என்ன மீன் வருகிறதோ அதை வைத்துத்தான். முதலில் குங்குமப்பூ வாசனையோடு துரு நிறத்தில் சாறு, பூண்டு தேய்த்த வறுத்த ரொட்டியின் மேல் காரமான ஒரு மஞ்சள் விழுது. பிறகு மீன்களைத் தனித் தட்டில் கொண்டுவந்து காட்டி, முள் எடுத்துத் தருகிறார்கள். சாறு அடர்த்தி, எனக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்காரம்மாவின் தீர்ப்பு: “எல்லாம் சரி, புளி ஊத்த மறந்துட்டாங்க.” காற்று அடித்த மறுநாள் இதைச் சாப்பிடப் போகாதீர்கள். காரணம் மேலே சொன்ன அந்த இரண்டு மேசை.

செப்டம்பரே சொர்க்கம் என்று சொல்லமாட்டேன். 21-ம் தேதி சாயங்காலம் கிழக்கே இருட்டிக்கொண்டு வந்தது. ஒன்றரை மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டது. தெருக்களெல்லாம் சரிவு, தண்ணீர் துறைமுகத்தைப் பார்த்து ஓடுகிறது, கூடவே குப்பைத்தொட்டி ஒன்றும் ஓடியது. அந்த ஊருக்கு வருட மழையே 500 மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். நமக்கு ஐப்பசி கார்த்திகையில் கொட்டுவதைவிடக் குறைவு. ஆனால் அதில் நிறைய செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரைதான் விழும், விழுந்தால் இப்படி மொத்தமாக விழும். கடல் இன்னும் சூடாக இருக்கும்போது மேலே குளிர்ந்த காற்று வந்தால் வேறென்ன ஆகும்? பட்டாளம், வியாசர்பாடி வெள்ளம் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் தூறல். மறுநாள் காலை பளிச்சென்று வெயில், கூடவே மிஸ்த்ரால். கொடியில் போட்ட நைட்டி மூன்றாவது வீட்டு பால்கனியில் கிடந்தது. துணி அரை மணியில் காய்ந்துவிடுகிறது, ஆனால் கிளிப்பை நம்பக்கூடாது.

எப்போது போகலாம் என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வீடு என்றால் மே மாதமே நல்லது, நம் லீவும் அங்கத்து நல்ல பருவமும் ஒத்துப்போகிற ஒரே மாதம். மே நடுவிலிருந்து ஜூன் முதல் பத்து நாள் வரை 20-லிருந்து 26 டிகிரி, பொழுது நீளம், மலை பச்சையாக இருக்கும், மே முடிகிற வரை மூடல் தொல்லையும் இல்லை. கடலில் மட்டும் குளிக்க முடியாது, தண்ணீர் அப்போதும் குளிர். விசா மட்டும் பொங்கல் முடிந்ததுமே ஆரம்பித்துவிடுங்கள், கோடைக்குக் கூட்டம் அலைமோதும். கடலில் இறங்கியே தீர வேண்டும் என்பவர்கள் செப்டம்பர் முதல் மூன்று வாரம். ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். மார்ச், ஏப்ரல் எப்படியும் போகலாம், காற்றோடு சீட்டாட வேண்டியிருக்கும். 

குளிர்காலத்தைப் பற்றிப் புதுச்சேரிக்காரர் சொன்னதைத்தான் சொல்ல முடியும். ஜனவரியில் பகல் 11, 12 டிகிரி, விடிகாலை 3. வெயில் இருக்கும், பனி அபூர்வம், அறை மலிவு. ஆனால் மிஸ்த்ரால் அடிக்கிற நாளில் அந்த 11-ஐ நம்பி வெறும் ஸ்வெட்டரோடு வெளியே போனால் மார்கழி பஜனையெல்லாம் மறந்துவிடும் என்றார். பிப்ரவரி 2 அன்று படகு வடிவத்தில் ஆரஞ்சுப் பூ வாசனை பிஸ்கட் சுட்டு, மந்திரித்து வாங்குவார்களாம். அதைக் கேட்டதிலிருந்து வீட்டுக்காரம்மா ஒரு மாதிரியாக இருக்கிறாள்.

எடுத்துப்போக வேண்டியது: காற்று புகாத மெல்லிய ஜாக்கெட் எந்த மாதமானாலும், தொப்பி என்றால் தாடையில் கட்டுகிற தொப்பி, உதட்டுக்குத் தேங்காய் எண்ணெய். குடை வேண்டாம், ஒரே காற்றில் கம்பியெல்லாம் திரும்பிக்கொள்ளும்.

போன மாதம் அதே டிராவல்ஸிலிருந்து போன். “சார், தீபாவளி ஸ்பெஷல் போட்டிருக்கோம், அதே மார்சேய், நம்ம பழைய கஸ்டமருக்கு அஞ்சு பர்சன்ட் தனியா.”

“அப்ப அங்க கொண்டல் அடிக்குற நேரமாச்சேப்பா. கிழக்குக் காத்து வந்து மழை புடிச்சிக்கிச்சுன்னா இன்னா பண்ணுவீங்க?”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. யாரிடமோ கேட்டுவிட்டு வந்தான் போல.

“பஸ் ஃபுல்லா ஏசி சார்.”